முள் உதிர்க்காத மரம்

அக்காவின் கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. காலையில் மாமா கொடுத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்குத் தவறாமல் கொடுத்துவந்த ஒரே பொருள் அதுதான். இன்றைக்கு அதோடு விடவில்லை. இரண்டு வயது மகளை எங்கோ ஓர் அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மரம் வெட்ட வந்துவிட்டான்.

"வேலை முடியிறவரைக்கும் வாயை மூடிட்டு இரு. அப்புறம் புள்ளையப் பாக்கலாம்."

கம்பெனி வளாகத்தில் இரண்டு முருக்க மரங்கள் ஒட்டி நின்றன. இலையே இல்லை, கிளையெல்லாம் இரத்தச் சிவப்பில் பூ.

"ரெண்டும் ஒரே மரந்தானே, பட்டதாரி?" என்றான், உதவிக்கு வந்திருந்த அக்காவின் தங்கையை, தன் கொழுந்தியாளைப் பார்த்து.

"ஒரே பேரினம் மாமா, இனம் வேற. இது வளர வளர முள்ள உதிர்த்துடும். அது கடைசிவரைக்கும் வச்சிருக்கும்."

"இதுக்கா மூணு வருஷம் படிச்ச? மாடு சொல்லுமே."

"மாட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியலையே."

காறித் துப்பிவிட்டு, முள் உதிர்த்த மரத்தில் ஏறினான். அவனைத் தாங்கும் கயிறு மேற்கிளை வழியாக இறங்கி அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி அக்காவின் கையில் முடிந்தது. இடுப்பிலிருந்து இன்னொரு கயிறு தங்கையிடம். கிளை விழும்போது அவனை ஒதுக்கி இழுக்க அது. காலையில் தன்னிடம் அடி வாங்கியவளின் கையில் மதியம் உயிரைக் கொடுத்துவிட்டு ஏறும் தைரியம் அவனுக்குப் பழக்கத்தில் வந்தது.

"காலையில பால்கூடக் குடிக்கலடி அவ" என்றாள் அக்கா, மெதுவாக.

தங்கை முள்மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். முழு உடம்பையும் கொடுத்துத் தன் கயிற்றை இழுத்தாள்.

அவன் கால் கிளையிலிருந்து நழுவியது. ரம்பம் கீழே விழுந்தது. அந்தரத்தில் சுழன்று, முகம் முன்னால் போக, முள்மரத்தில் மோதினான். கறுப்பு முட்கள் கன்னத்திலும் மார்பிலும் இறங்கின. சட்டை கிழிந்த சத்தமும் அலறலும் ஒன்றாகக் கேட்டன.

"புள்ள எங்க?" என்றாள் தங்கை.

"அடியே, இறங்கினேன்னா உன்னக் கொன்னே போடுவேன்!"

தங்கை கயிற்றைத் தளர்த்தினாள். அவன் விலகினான். மறுபடி இழுத்தாள். இந்த முறை மரத்தைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தான். முட்கள் உள்ளங்கையில் ஒடிந்து நின்றன.

"மொட்டமாடி! தண்ணித்தொட்டி ரூமு!" அழுதான். இடுப்பிலிருந்து அவன் பிடுங்கி எறிந்த சாவி, உதிர்ந்து கிடந்த பூக்களுக்கு நடுவே வந்து விழுந்தது.

"போதும், இறக்கச் சொல்லுடி... உங்கக்கா கையிலதான்டி என் உசுரு இருக்கு!"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா கயிற்றை அடிமரத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். சாவியை எடுத்துக்கொண்டாள். நாலடி நடந்தவள், கிழிந்த உதட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்காக ஒருதரம் இழுடி."