தயோல் வாடை

மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு அன்று மதியம்தான் அவளால் எழுந்து உட்கார முடிந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டதும், யாரோ உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வந்திருக்கிறார்கள் என ஒரு கணம் நம்பிவிட்டாள். கதவைத் திறந்தால், வீட்டுச் சொந்தக்காரம்மா மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, படிக்கட்டு பூரா உன் வேலை நாத்தம். சகிக்கல.”

அவள் சமையல் கேஸ் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். கேஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று தயோல் கலப்பார்கள். ஆல்கஹாலில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகம் உட்கார்ந்தால் தயோல். கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த அந்தச் சின்னத் தொகுதிதான் அத்தனை நாற்றத்துக்கும் காரணம். ஆல்கஹால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தயோலுக்கு அந்தப் பிடிப்பு குறைவு. சட்டென்று காற்றில் கிளம்பிவிடும். கோடியில் ஒரு பங்கு போதும், மூக்குக்குத் தெரிந்துவிடும். எத்தனை முறை குளித்தாலும் தலைமுடியோடு வீட்டுக்கு வந்துவிடும். அவளுடைய அக்காகூட, தன் மகள் கல்யாணத்துக்கு, “அவ்ளோ தூரம் நீ ஏன்டி சிரமப்படுற?” என்றுதான் சொன்னாள்.

“நான் மூணு நாளா வேலைக்கே போகலைம்மா,” என்றாள். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. “எந்தப் பக்கம் அதிகமா வருது? எனக்கு மூக்கு அடைச்சிருக்கு. நீங்க மோந்து சொல்லுங்க.”

இருவரும் இறங்கினார்கள். கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் தையல்காரர் வீட்டு வாசலில் சொந்தக்காரம்மா நின்றுவிட்டாள். அழைப்புமணிக்குப் போன அந்தம்மாவின் கையை அவள் தட்டிவிட்டாள். “எந்த சுவிட்சையும் தொடாதீங்க!”

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தையல்காரர் மெஷின் மேல் தலை கவிழ்ந்து கிடந்தார். அவள் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தாள். இருவருமாக அவரை இழுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அடுப்புக் குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு.

கொஞ்ச நேரத்தில் அவர் கண் திறந்தார். தண்ணீர் குடித்தார்.

“காலையிலேயே வாடை வந்துச்சும்மா,” என்றார், குரல் தேறாமல். “நீ நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்திருக்கேன்னு நெனச்சு... ஜன்னலைச் சாத்திட்டேன்.”

அவள் தலையாட்டினாள்.

பக்கத்து வீட்டார் கூடிவிட்டார்கள். யாரோ அவருக்கு விசிறினார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்துவிட்டு, அவள் மெல்ல நடந்துபோய் தன் வாடை யார் மேலும் அடிக்காத பக்கமாக நின்றுகொண்டாள்.