இரும்புப் படியில் தெரிந்த நிறம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் நுவார்க் நகரில், விமானிகளுக்குத் தோல் ஜெர்கின் தைக்கும் பட்டறையில் நான் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் வைக்கிற கம்பளிப் பின்னல் பட்டைகள் தனித்தனிப் பெட்டிகளில் வரும். ஒரே சாயத் தொட்டியில் தோய்த்த பட்டைகளைச் சேர்த்துத் தையல்காரிகளிடம் கொடுக்க வேண்டும். எந்தத் தொட்டி என்று பெட்டிச் சீட்டில் எழுதியிருக்கும். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. வெளியில் சொல்லாமல் கண்ணால் பார்த்தே சேர்த்தேன். கண்ணைக் குறை சொல்லி என்ன? குண்டு விழும் என்ற பயத்தில் பட்டறை ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்பு அடித்திருந்தார்கள். மஞ்சள் பல்பில் எல்லாப் பட்டையும் ஒரே பழுப்பு.

ராணுவத்திலிருந்து சோதனைக்கு வந்த ஹால்வர்சன் ஒரு ஜெர்கினை எடுத்துக்கொண்டு வெளியே இரும்புப் படிக்குப் போனார். மேற்பார்வை பார்க்கும் அசுந்தாவும் நானும் பின்னாலேயே போனோம். வெயிலில் கைப்பட்டை துருச் சிவப்பு. இடுப்புப் பட்டை காப்பிக்கொட்டை.

“என்னம்மா இது, கையும் இடுப்பும் சண்ட போட்டுக்கிச்சா?”

அசுந்தா இரண்டு பட்டைகளையும் விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“எத்தன இப்படி?”

“இருநூறு சார்.”

“பிரிச்சுத் தைக்கணும். யாரு சேத்துக் குடுத்தது? அந்த ஆள் இனி வேணாம்.”

வீட்டில் நாலு வாய். ஆனாலும் பழி அசுந்தா தலையில் விழக்கூடாது.

“நாந்தான் சார். சீட்டுப் படிக்கத் தெரியாது.”

அசுந்தா திரும்பினாள். “மூணு மாசமா சீட்ட உத்து உத்துப் பாப்பியே நுன்சியோ, என்னத்தய்யா பாத்த?”

“நேரா ஒட்டியிருக்கான்னு.”

ஹால்வர்சன் சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். அசுந்தா அதைப் பார்த்துவிட்டாள்.

“சார், நிறம் ஒத்துப் பாக்க நீங்க வச்சிருக்கிற மாதிரி ஜெர்கினையும் வெயிலுக்குக் கொண்டாங்களேன்.”

கொண்டுவந்தார். பகலில் கறுப்புத் திரையை விலக்கிவிடும் அவர் ஆபீஸ் ஜன்னலோரம் ஒரு வருடம் தொங்கியது அது. கைப்பட்டை வெளியே வெளுத்த செங்கல் நிறம். மடித்துப் பார்த்தால் உள்ளே கறுஞ்சிவப்பு.

“இதுல எது சரி? சொல்லுங்க, அதத் தேடிப் பிடிக்கிறோம்.”

அவர் உள்ளேயும் வெளியேயும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“கெடைக்கிற சாயத்தத்தான் மில்லுல போடறாங்க,” என்றாள் அசுந்தா. “தொட்டிக்குத் தொட்டி மாறுது. பைலட்டு என்ன, மேல போய் மணிக்கட்டையா பாத்துக்கிட்டிருப்பாரு? குளுரு உள்ள போகுதான்னு இழுத்துப் பாருங்க.”

இழுத்தார். பட்டை படக்கென்று சுருங்கிக்கொண்டது. இன்னும் பத்து ஜெர்கினை எடுத்து இழுத்தார். பிறகு உள்ளே போய் இருநூற்றுக்கும் ‘சரி’ முத்திரை குத்தச் சொன்னார்.

“இந்த ஆளு?” என்றார் போகும்போது.

“பெட்டி தூக்க முதுகு நல்லா இருக்கு சார். சீட்ட நான் படிச்சுக்கறேன்.”

மறுநாளிலிருந்து பனியானாலும் பெட்டிகளை இரும்புப் படியில்தான் பிரித்தோம். அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சீட்டைப் படிப்பாள், நான் சேர்ப்பேன். அதற்குப் பிறகு கையும் இடுப்பும் ஒத்துப்போயின. இந்த வாரத்து நிறம் அடுத்த வாரம் வரவில்லை என்றால், அதற்கு நான் பொறுப்பில்லை.