நளீரின் பெருநாள் பெட்டி

நோன்புப் பெருநாளுக்குள் கடை நிமிராவிட்டால் நளீர் கட்டாருக்கு வேலைக்குப் போகவேண்டும். விசாவும் வந்து கைபேசிக்குள் கிடந்தது. காத்தான்குடியிலிருந்து அப்படிப் போனவர்களெல்லாம் போதுமென்று திரும்பிவருகிற வயது அவனுக்கு. மனைவி ஸுஹைனாவைப் பிரிந்து ஓர் இரவு கொழும்பில் தங்கினாலே, விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிடுவான்.

ஆகவே யூடியூப்பில் வியாபாரம் படித்தான். சாமான்களைத் தனித்தனியாக விற்பவன் மடையன், சேர்த்துக் கட்டி விற்பவன்தான் வியாபாரி என்று அதில் கோட்டுப் போட்ட ஒருவர் சொன்னார். முதல் பாதி தனக்கு அச்சொட்டாகப் பொருந்தியதால் மற்றப் பாதியையும் நளீர் நம்பினான்.

உடுக்க ஒரு சாரன், ஒரு குப்பி அத்தர், ஒரு பக்கட் சேமியா, ஒரு பிளாஸ்க். நான்கையும் மினுங்கும் தாளில் சுற்றி, விலையையும் குறைத்து, 'பெருநாள் பெட்டி' என்று எழுதி ஒட்டினான். சிவப்பு நாடா கட்டியது ஸுஹைனா. அவள் போட்ட முடிச்சு பூவைப் போலிருந்தது. அவன் போட்டது குர்பானுக்குக் கட்டிய ஆட்டின் கயிற்றைப் போலிருந்தது.

முதலில் வந்தவர் பக்கத்து ஒழுங்கை ஸஹீதா மாமி. பெட்டியைத் தூக்கிக் குலுக்கி, காதிலும் வைத்துக் கேட்டார்.

"இதுக்குள்ள ஓடாத சாமான் எது மனே?"

எல்லாமே நல்ல சாமான் என்றான் நளீர். அது உண்மையும்கூட, அதுதான் கொடுமை. பால்மாவுக்கு ஊரே வரிசையில் நின்ற வருசம், யாருக்கும் வேண்டாத சவர்க்காரத்தையும் சேர்த்து வாங்கினால்தான் பால்மா என்று கடைகளெல்லாம் சட்டம் வைத்திருந்தன. நளீரின் கடையும்தான்.

"அந்தச் சவுக்காரம் இன்னும் எங்கட ஊட்டுல கிடக்கு," என்றார் மாமி. "நுரைக்குதே இல்ல."

சாரனை மட்டும் தரமுடியுமா என்று கேட்டார், பிரித்துக் கொடுப்பதில்லை என்று நளீர் சொன்னதும் போனார். பின்னால் வந்தவர்களில் சிலர் பிளாஸ்க்கைச் சந்தேகித்தார்கள், சிலர் அத்தரை. ஒருவர் சேமியாவுக்குக்கூடச் சத்தியம் பண்ணச் சொன்னார். விலையை இன்னும் குறைத்தான். சனம் இன்னும் பயந்தது.

கடைசியில் நாடாக்களை அவிழ்த்து, பழையபடி தனித்தனியாக அடுக்கினான். இப்போது எல்லாவற்றிலும் நாடாவின் தழும்பு. யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த சாமான் என்று ஊர் முடிவெடுத்தது.

பிறை தெரிந்தது. பெருநாளும் போனது.

கடையை ஒரேயடியாகப் பூட்டிய கிழமையே ஸுஹைனா பயணப் பெட்டி அடுக்கினாள். சாரன் வைத்தாள், அத்தர், சேமியா, அதன் மேல் பிளாஸ்க். அங்கேயும் தேத்தண்ணி கிடைக்கும், பிளாஸ்க் எதற்கு என்றான் நளீர்.

"நாலும் சேத்துத்தான்," என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமல். "நாங்க பிரிச்சுக் குடுக்கிறல்ல."

விமான நிலையத்தில் அடையாளம் தெரியட்டும் என்று கைபிடியில் சிவப்பு நாடாவையும் கட்டினாள். பூ முடிச்சு.

பெட்டி மூட மறுத்தது. இரண்டு பேருமாக அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். பூட்டு விழுந்த பிறகும் இறங்கவில்லை.