கத்தும் பிரேக்

கணவர் தமோட்சுவின் டூல்ஸ் பெட்டியை மிசாவோ வாசற்கதவின் உட்பக்கத் தரையில் கவிழ்த்துக் கொட்டினாள். ஸ்பேனர்கள், டயர் நெம்பிகள், செயின் எண்ணெய் டப்பா எல்லாம் கலகலவென்று உருண்டன. உள்ளறையில் சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, மெதுவா. ஆளுங்க இருக்காங்க," என்றாள் மகள் சிகுசா.

"இருக்கட்டும். அவங்க சைக்கிளுக்கெல்லாம் உழைச்ச சாமான்தானே? நல்லாப் பாத்துக்கட்டும்!"

சவப்பெட்டியை மூடப்போகும் நேரம். அவருக்குப் பிடித்தது ஏதாவது கூட வைக்கலாம் என்று சொன்னவன் ஈமச்சடங்கு நிறுவனத்து ஆள்தான். ஆசையாக ஸ்பேனரைக் கொண்டுபோனால், தகன உலைக்கு இரும்பு ஆகாது என்று தடுத்தவனும் அவனேதான்.

"எரியிற மாதிரி எதாச்சும் பாருங்கம்மா. கையுறை, துணி, அந்த மாதிரி."

அந்த மனுஷனுக்குப் பிடித்ததெல்லாம் இரும்பு. அதை நினைக்கையிலேயே மிசாவோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முந்தாநாள் இதே வாசலில்தான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தெருச் சங்கத் தலைவர் குவபாராவின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சைக்கிள் பின்சக்கரம் இல்லாமல் இன்னும் தலைகீழாக நின்றது. இடம் போதாமல் சாமந்தி வளையம் ஒன்றை அதன்மேலேயே சாய்த்து வைத்திருந்தார்கள்.

குவபாரா மெல்ல வந்து குனிந்து வணங்கினார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்..."

"அப்ப கேக்காதீங்க குவபாரா சான்."

"இல்லம்மா, என் சைக்கிள்... நாளைக்குச் சங்க வேலையா வெளிய போகணும்..."

"உங்க சைக்கிள்தான் என் புருஷன் உசுரைக் குடிச்சுது. அது இன்னும் ரெண்டு நாள் தலைகீழா நின்னா ஒண்ணும் செத்துப் போகாது. என் சைக்கிள் பிரேக் வருஷக்கணக்கா பன்னியை அறுக்கிற மாதிரி கத்துதே, அதைப் பாக்க அவருக்கு நேரமில்ல. ஊரார் சைக்கிளுன்னா மட்டும் ஓடி ஓடிச் செய்வாரு!"

பொய்யில்லை. எத்தனை தடவை கேட்டிருப்பாள்! "நாளைக்குப் பண்ணித் தரேன்," என்பார். அவள் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வாசலில் பிரேக் பிடித்தால் கிறீச்சென்ற சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். உடனே உள்ளே டூல்ஸ் பெட்டியின் மூடி டக்கென்று விழும். தமோட்சு பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமறியாத முகத்தோடு எழுந்து நிற்பார். சைக்கிள் தொழிலுக்குப் பேர்போன சகாய் ஊரில் பிறந்தவருக்குச் சொந்தப் பெண்டாட்டியின் பிரேக் மட்டும் கைவராதா என்று அவள் பொருமுவாள்.

எண்ணெய் படிந்த கையுறை கிடைத்தது. கூடவே பஞ்சர் ஒட்டும் சாமான் வைக்கும் தகர டப்பாவையும் திறந்தாள். பசைக் குழாய், உப்புத்தாள், ரப்பர்த் துண்டுகள். அவற்றுக்கடியில் பாதி காலியான சிகரெட் பாக்கெட், ஒரு லைட்டர், புதினா மிட்டாய்.

மிசாவோ அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன் முதல் தடவை நெஞ்சுவலி வந்தபோதே சிகரெட்டைத் தொட்டால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விட்டுவிட்டதாக அவளுடைய தலையில் கைவைத்துச் சொன்னார். அவளும் நம்பினாள். செயின் எண்ணெய் வாடையில் வேறெந்த வாடை தெரியும்?

டக்கென்று விழுந்த அந்த மூடி இப்போது அவள் காதில் கேட்டது.

"குவபாரா சான், உங்களுக்கு இது தெரியுமா?"

அவர் தன் கால்விரல்களைப் பார்த்தார்.

"நான் உங்க சைக்கிளுக்கு வேற பிரேக் மாத்தித் தரேன்னுகூடச் சொன்னேம்மா. 'ஐயையோ, தொட்டுடாதீங்க, அது கத்துனாத்தான் அவ வரது எனக்குத் தெரியும்'னாரு."

"தெருவுக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?"

அவள் பாக்கெட்டோடு எழுந்து விறுவிறுவென்று உள்ளே போனாள். சாமந்திகளுக்கு நடுவில் அதே ஒன்றுமறியாத முகம்.

"ஏன்யா! உனக்காக நானும் உப்பில்லாத சூப்பைக் குடிச்சுக் குடிச்சு நாக்குச் செத்துக் கிடந்தேன். நீ வாசல்ல உக்காந்து புகை விட்டுக்கிட்டிருந்தியா? என் பிரேக்கைக் காவலுக்கு வச்சுக்கிட்டா? திருட்டு மனுஷா!"

பாக்கெட்டை அவர் நெஞ்சின்மேல் எறிந்தாள். சிகுசா அவள் தோளைப் பிடித்தாள். சடங்கு நிறுவனத்து ஆள் குனிந்து, பாக்கெட்டைப் பூவுக்குள் பக்குவமாகச் செருகினான்.

"சிகரெட் எரியும்மா, வைக்கலாம். லைட்டர் மட்டும் வேணாம், வெடிச்சிரும்."

"வேணவே வேணாம். நெருப்புக்கு அலையட்டும்!"

தகனக் கூடத்தில் எரித்து முடித்ததும், வழக்கப்படி தாயும் மகளும் ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் ஒரே எலும்பைச் சேர்த்துப் பிடித்து ஜாடியில் போட்டார்கள். மிசாவோ அழவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது குவபாராவின் சைக்கிளும் சக்கரமும் வாசலில் இல்லை. சத்தமில்லாமல் வந்து எடுத்துப் போயிருந்தார். மிசாவோ ஜாடியை விளக்கின் முன் வைத்துவிட்டு, தரையில் கிடந்த சாமான்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டாள். பத்தாம் நம்பர் ஸ்பேனரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தன் சைக்கிளை வெளியே இழுத்தாள்.

"கறுப்பு உடுப்பைக்கூட மாத்தாம என்னம்மா பண்றே?"

"இந்தக் கத்தலை இன்னிக்கே நிறுத்திடறேன். நான் என்ன அவரை மாதிரி நாளைக்குன்னா சொல்லப் போறேன்?"

பின்சக்கரத்தருகே குந்தி, நட்டில் ஸ்பேனரைப் பொருத்தினாள். இறுக்கமாக இருந்தது. இன்னொரு தடவை அழுத்தப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க உரசுதுன்னு மொதல்ல ஓட்டிப் பாத்துடறேன்," என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். வாசலுக்கு நேராகப் பிரேக்கை அழுத்தினாள். கிறீச்சென்ற சத்தத்தில் எதிர்வீட்டுத் திரைச்சீலை விலகிற்று.

ஒரு காலை ஊன்றி நின்று உள்ளே பார்த்தாள். டூல்ஸ் பெட்டி மூடி திறந்தபடியே கிடந்தது. மிசாவோ பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.