காளையோடு பிறந்த கடேரி

எண்பத்திரண்டாம் வருஷம் பவுனம்மாள் மலேசியாவின் சுங்கை வே என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கேரி தீவு எஸ்டேட்டிலிருந்து அவள் அப்பா ஒரு கடேரிக் கன்றையும் சீராக லோரியில் ஏற்றி அனுப்பினார். கூடப் பிறந்த காளைக் கன்றை எஸ்டேட்டிலேயே வைத்துக்கொண்டார். இரட்டைக் கன்றில் ஒன்று, ராசியானது என்று எல்லாரும் மெச்சினார்கள்.

அந்த ராசி நாலு வருஷத்தில் சந்தி சிரித்துப் போயிற்று. கடேரி கொழுகொழுவென்று வளர்ந்ததே தவிர, ஒரு தடவைகூடப் பருவத்துக்கு வந்து கத்தவில்லை. பவுனம்மாள் வயிற்றிலும் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் நல்லம்மாளின் வாய் சும்மா இருக்குமா? பால் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "மருமக கொண்டாந்த மாடும் அவள மாதிரியேதான் லா" என்று சொல்லிச் சிரித்தாள். புருஷன் இராமலிங்கம் தாய்க்கும் தாரத்துக்கும் நடுவில் ஊமையாகவே இருந்து பழகியவன்.

மாட்டுக்காவது ஒரு காரணம் தெரிந்தால் தன் மேல் விழும் பேச்சு பாதியாகக் குறையும் என்று பவுனம்மாள் நினைத்தாள். தானே போய் மாட்டு டாக்டர் ராதாகிருஷ்ணனைக் கூட்டி வந்தாள். அவர் இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"இது யாரு குத்தமும் இல்லம்மா. காளையோட ஒரே கர்ப்பத்துல கெடந்த கடேரி. அதோட ரத்தம் இதுல கலந்திருச்சி. குரோமோசோம் பாத்தா, பொட்டையோடதும் இருக்கு, காளையோடதும் இருக்கு. கர்ப்பப்பையே சரியா வளரல. இது சினை பிடிக்காது."

பவுனம்மாளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. யார் குற்றமும் இல்லை என்பதை மாமியார் தன் காதாலேயே கேட்டுவிட்டாள். நல்லம்மாள் கேட்டாள்தான். கேட்டுவிட்டு மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, நீயும் ஒன் அண்ணன் கன்னையாவும் ரெட்டப் புள்ளைங்கதானே?"



டாக்டர் பதறிப்போனார். "அது மாட்டுக்குத்தாம்மா. மனுஷங்களுக்கு அப்படி ஆகாது. பையனோட பொறந்த பொண்ணுங்க எத்தனையோ பேரு புள்ள பெத்திருக்காங்க." நல்லம்மாள் மரியாதையாகத் தலையாட்டி, காப்பி கொடுத்து அவரை அனுப்பிவைத்தாள்.

அந்த வாரமே வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. மாடு எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஏற்றிவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்த இராமலிங்கத்திடம் பவுனம்மாள் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"என்னங்க, நாம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில போய்க் காட்டலாம். மனுஷங்களுக்கு அது கெடையாதுன்னு டாக்டரே சொன்னாருல்ல."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவரு மாட்டு டாக்டரு. மனுஷங்களப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"