ட்ரை ஐஸ் தீர்வதற்குள்

“வானத்துலேருந்து என்னமோ நம்ம உடம்புக்குள்ள பூந்து பூந்து போயிட்டே இருக்காமே. அப்புறம் ஏம்ப்பா நமக்குத் தெரிய மாட்டேங்குது?”

மூன்றாம் வகுப்பில் படித்தபோது சுண்டு கேட்ட கேள்வி இது. அவள் அப்பா வண்டிகளுக்கு சீட் தைப்பவர். அன்று பல்லிடுக்கில் ஊசி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். ஊசியை எடுத்த பிறகு, “ஒரு நாள் பாத்துடலாம்டா கண்ணு” என்றார். பெற்றவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி மறக்கிற எத்தனையோ ‘ஒரு நாள்’களோடு அதுவும் போய்ச் சேர்ந்தது.

இப்போது சுண்டு பத்தாம் வகுப்பு. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. பொழுது சாய்ந்தால் நாற்காலியில் இடித்துக்கொள்கிறாள். கண் டாக்டர் நல்ல மனுஷி. பொய் சொல்லத் தெரியாதவர். “மருந்து இல்லைங்க. பாக்கணும்னு ஆசைப்படறதையெல்லாம் இப்பவே பாக்கட்டும்” என்றார். கடல், மலை என்று எதையாவது கேட்பாள் என்று அப்பா வழியெல்லாம் மனசுக்குள் பஸ் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார். அவள் கேட்டதோ அந்தப் பழைய கேள்விக்கான பதிலை. ஒரு கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்து, உள்ளே ஆல்கஹால் ஆவியை நிரப்பி, அடியில் கடுங்குளிரைக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் போகிற துகள்கள் அந்த மூடுபனியில் வெள்ளை நூலாகக் கோடு கிழித்துவிட்டுப் போகுமாம். வீட்டிலேயே செய்யலாமாம்.

நூல் என்றதும் அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

“ஃபேன் ரிப்பேருக்கு வெச்ச காசு இருக்கு. இந்த வெயிலுக்கு விசிறிக்கிட்டாப் போச்சு” என்றாள் அம்மா. “விஞ்ஞானிக்கு வேற என்ன வேணும்? வெள்ளைக் கோட்டு?”

முடிதிருத்தும் கடைக்காரர் மீன் செத்துப்போன தொட்டியைச் சும்மாவே கொடுத்தார். ஆல்கஹாலில் நனைத்துத் தொட்டிக்குள் ஒட்டுவதற்குத் தடித்த துணி பட்டறையிலேயே கிடந்தது. வெள்ளைக் கோடு எடுத்துத் தெரிவதற்காகப் பக்கத்துப் பெயின்டர் ஒரு அலுமினியத் தட்டைக் கறுப்பாக்கித் தந்தார். மருந்துக்கடையில் ஆல்கஹால் பாட்டிலைப் பொட்டலம் கட்டும்போது கடைக்காரர், “என்னண்ணே, புதுப் பழக்கமா? குடிச்சா கண்ணு போயிடும், பாத்து!” என்று சிரித்தார். அப்பாவும் சிரித்துவைத்தார். தெரு முனை வரை அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்கி வைக்கத் தெரியவில்லை.

பாக்கி இருந்தது குளிர்தான். அதற்கு ட்ரை ஐஸ் வேண்டும், உருகித் தண்ணீராகாமல் அப்படியே புகையாகப் போய்விடுகிற ஐஸ். ஐஸ்கிரீம் குடோனில் முழுப் பெட்டியாகத்தான் விற்பார்களாம். ஒரு பெட்டியின் விலை வீட்டு வாடகையை எட்டிப் பிடித்தது. அப்பா இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாம் தடவை குடோன் கேட் அருகே அவர் சும்மா நிற்பதைப் பார்த்து, பெட்டி தூக்குகிற ஆள் விசாரித்தார். கேட்டுவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி, நிறைய உடைந்த துண்டுகள்.

“உடைசல். எப்படியும் காத்தாத்தான் போகப்போவுது.”

அப்பா பணத்தை எடுத்தார்.

“காத்துக்கு யாராவது காசு வாங்குவாங்களா? ஓடுங்கண்ணே. நின்னு கும்பிட்டீங்கன்னா அதுவும் போயிடும்.”

பகலிலேயே ஜன்னலில் சீட் துணியை அடித்து அறையை இருட்டாக்கினார்கள். காற்றுக்காகச் சமையலறைக் கதவு மட்டும் ஒரு விரற்கடை திறந்திருந்தது. ஐஸ் துண்டுகளின் மேல் கறுப்புத் தட்டு, அதன்மேல் கவிழ்த்த தொட்டி. டார்ச்சை அம்மா பக்கவாட்டில் பிடித்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தட்டின் மேல் மெல்லிய தூறல்போல மூடுபனி இறங்கியது. அதற்குள் ஒரு நூல், வந்த சுவடு தெரியாமல் வந்து, கலைந்தது.

“அய்யோ, அதோ! அதோ பாருங்க இன்னொண்ணு!” அம்மா டார்ச்சை அதன் பின்னாலேயே திருப்பினாள்.

“பாத்தியா கண்ணு?”

“பாத்தேன்ப்பா. அழகா இருக்கு.”

அப்பா திரும்பினார். மகளின் முகம் தொட்டியின் வேறொரு மூலையைப் பார்த்திருந்தது. அங்கே வெளிச்சமே இல்லை. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டி, துணி, ஐஸ் என்று ஒவ்வொன்றாகத் தேடி அலைந்தவர், இருட்டை மட்டும் செலவில்லாத பொருள் என்று நினைத்துவிட்டார். இருட்டில் பார்ப்பதைத்தான் அவள் முதலில் இழந்தாள். டார்ச் இருக்கிறதே என்று எல்லாருமே நம்பிவிட்டார்கள். எழுந்து விளக்கைப் போட்டார்; நூல் மறைந்தது. அணைத்தார், மகள் மறுபடி அந்த மூலையைப் பார்த்தாள். கடவுளே, என்று மட்டும் வந்தது. 

ஐஸ் புகைந்து குறைந்துகொண்டிருந்தது. அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உள்ளங்கையை விரித்தார். அடுத்த நூல் ஓடியபோது, அது ஓடியபடியே நகத்தால் அங்கே கோடு இழுத்தார். சுண்டு கையை இழுத்துக்கொள்ளவில்லை. பொய் சொன்னதைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

“இது குட்டையா, தடிமனா இருக்கே?”

“ஆமா. அது அப்படித்தான் போச்சு.”

“இது?”

“இது கோணக்கால். குடிகாரன் மாதிரி வளைஞ்சு போவுது.”

சுண்டு சிரித்தாள். அம்மா டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்தாள். தட்டின் அடியில் இருந்த ஐஸ் முழுக்கத் தீரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரம், சாப்பாட்டு நேரத்தில், அப்பா தையல் பையோடு குடோனுக்குப் போனார். கேட் சாத்தியிருந்தது, வெளியே ஈ காக்கை இல்லை. சுவரோரம் ஐஸ் கொடுத்த ஆளின் ஸ்கூட்டர். அன்று உடைசல் பெட்டியை அதன் சீட்டில் வைத்துத்தான் அவர் கயிறு கட்டி அப்பாவிடம் கொடுத்திருந்தார். சீட் கிழிந்து உள்ளிருந்த பஞ்சு வெயிலில் பொரிந்து கிடந்தது. அப்பா முழங்காலிட்டு, புதுப் பஞ்சை வைத்து, உறையை இழுத்து, தையல் தெரியாதபடி உள்பக்கமாகவே தைத்து முடிச்சை உள்ளே தள்ளினார். கறுப்பு உறை அதற்குள் சுடத் தொடங்கியிருந்தது. சுற்றுமுற்றும் தேடி ஒரு அட்டையை எடுத்து சீட்டின் மேல் விரித்தார். காற்று அதைத் தூக்கிற்று. ஒரு கல்லை எடுத்து, உறை கிழியாதபடி அதன் கூர்முனையை மேலே திருப்பி, அட்டையின் மேல் வைத்துவிட்டு நடந்தார்.