பாப்பம்மாவின் கடைசி ஆட்டம் என்று சொல்லப்பட்டது

1

இந்தக் கதை எனக்கு, இலங்கை மலையகத்தில், கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகும் காலை பஸ்ஸில் கிடைத்தது. நானே யோசித்து எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த பஸ்ஸில் வருகிறவர்கள் இதை வாசித்தால் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டுவிடுவார்கள். கதையில் பெரும்பகுதியை அவர்கள்தான் பேசினார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டேன், அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற மலைச்சரிவுகளின் நடுவே, காலைப் பனியில் நனைந்து—"

வெட்டிவிட்டேன். அந்தப் பச்சைப் பட்டுக்குள் என் அம்மா அட்டைக்கடியோடு நின்று கொழுந்து எடுத்தவள். தேயிலையைப் பட்டு என்று எழுதுகிறவர்கள் கவ்வாத்து வெட்டிய கிளையில் ஒருநாளும் முழங்காலை இடித்துக்கொண்டதில்லை.

இரண்டாவது தொடக்கம்:

"பாப்பம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கொழுந்து பறிப்பவள். டெனிஸ் சாம்பியன். இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால்—"

இதில் பொய் இல்லை. ஆனால் எழுதியவள் மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கிறது. பாப்பம்மா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதையும் வெட்டினேன்.

மூன்றாவது தொடக்கத்தை மூக்கையா அண்ணன் சொன்னார். அது நின்றுவிட்டது:

"எங்கக்கா இந்த வருசத்தோட நிறுத்திரணும்."

2

மூக்கையா அந்த பஸ்ஸின் கண்டக்டர், பாப்பம்மாவின் தம்பி. ஓட்டுகிறவர் றிஸ்வி நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்), கலஹா கடைத்தெருக்காரர். இருவரும் பாப்பம்மாவின் ரசிகர்கள். ஆனால் ஒரே பாப்பம்மாவின் ரசிகர்கள் அல்ல. தம்பிக்கு, ஜெயித்து முடித்த பாப்பம்மா வேண்டும். நானாவுக்கு, இன்னும் ஜெயிக்கப்போகிற பாப்பம்மா.

"நிறுத்துறதுக்கு நீ யாரு? நீயா சர்வீஸ் போடுற?" என்றார் றிஸ்வி நானா, வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே.

"கூடப்பொறந்தவன், நானா. முழங்கால் வீங்குனா ஒத்தடம் குடுக்கிறது நான். இன்னொரு தடவ விழுந்தா மலை ஏற முடியாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு."

"ஏறாட்டி எறங்கி வரட்டும். கண்டியிலருந்து கார்ல வந்தவங்கள எல்லாம் நடந்து வந்து தோக்கடிச்சவங்க அவங்க. அத யாரும் மறக்கப்படாது."

"நான் மறக்கச் சொல்லல. ஞாபகம் வச்சுக்கணும்னுதான் நிறுத்தச் சொல்றேன். போன வருசம் ஆட்டத்துல விழுந்தப்ப மேட்டுல இருந்து பாத்த எல்லாரும் 'ஐயோ'ன்னாங்க. அந்த ஐயோவ நான் கேட்டேன். கைதட்டுக் கேட்டுப் பழகுன பொம்பளைக்கு ஐயோ கேக்கப்படாது."

பின் வரிசையிலிருந்து ஒருவர், அவள் தோற்கடித்தவர்கள் எல்லாம் பொழுதுபோக்குக்கு ஆடிய சீமாட்டிகள்தானே, அதையெல்லாம் சாதனை என்று சேர்க்கலாமா என்று கேட்டார். அதற்குப் பிறகு தெல்தோட்டை ஆள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், கோழிக்கூடை வைத்திருந்தவர் எல்லோரும் பேசினார்கள். அவள் பெரிய ஆட்டக்காரியா, வாய்ப்புக் கிடைத்த ஆட்டக்காரியா என்ற கேள்வி பேராதனைப் பாலம் வரை தீரவில்லை.

(கோழியையும் ரசிகனாக்கலாம் என்று ஒரு வரி எழுதினேன். எடுத்துவிட்டேன். வேடிக்கை காட்டுகிற அவசரம் அது.)

3

பாப்பம்மா எப்படி டெனிஸ் ஆடவந்தாள் என்பதைச் சொல்லாமல் நகர முடியாது.

தோட்டத்து மேட்டில், துரைமார் காலத்து கிளப்புக்குப் பக்கத்தில் ஒரு டெனிஸ் கோர்ட் இருக்கிறது. அதன் மூன்று பக்கமும் தேயிலை. எண்பதுகளில் அங்கிருந்த தொரசாணிக்கு, அதாவது தோட்டத் துரையின் மனைவிக்கு, ஆட்டத்தைவிடப் பந்தை வெளியே அடிப்பதுதான் நன்றாக வந்தது. பந்து தேயிலைக்குள் விழும். கொழுந்து எடுக்கும் பெண்கள் தேடி எடுத்து எறிவார்கள். மற்றவர்கள் எறிந்தது வேலியில் மோதும். பாப்பம்மா தன் நிரையைவிட்டு நகராமல், கூடையை முதுகிலிருந்து இறக்காமல் எறிந்தது தொரசாணியின் கைக்கே போகும். ஒருநாள் தொரசாணி ஆடக் கூப்பிட்டாள். பாப்பம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போனாள்.*

* இதை எனக்குச் சொன்னவள் என் அம்மா. அடுத்த நிரையில் நின்றவள். அவளும்தான் பந்து எறிந்தாளாம். "எனக்கு வேலி வரைக்கும்தான் போச்சு" என்பாள். அம்மாவிடம் பொறாமை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கதைக்காகக் கொஞ்சம் பொறாமை சேர்க்கலாமா என்று யோசித்தேன். அம்மா உயிரோடு இருக்கிறாள், வாசிப்பாள்.

பிறகு தோட்டங்கள் கைமாறின. கிளப்பில் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் எல்லோருக்குமான போட்டி தொடங்கியது. பாப்பம்மா தொழிற்சங்கம் மேதினத்துக்குக் கொடுத்த டீ சேர்ட்டும் நீளப் பாவாடையுமாக இறங்கி, பல ஆண்டுகள் வேறு யாரையும் அந்தக் கோப்பையைத் தொடவிடவில்லை. போன இரண்டு வருஷமாகத் தோற்றாள். விவாதம் அங்கிருந்துதான்.

4

இனி நடந்த பிசகு.

தோட்டத்தில் காலைப் பிரட்டில், அதாவது ஆட்களுக்குப் பேர் போடும் இடத்தில், ஒருத்தி வரப் பிந்தினால் பக்கத்தில் நிற்பவள் அவளுடைய பேரைக் கொடுத்துவிடுவாள். "பாப்பம்மா பின்னால வர்றா, போட்டுக்குங்க." யாரும் அவளைக் கேட்டுவிட்டுச் சொல்வதில்லை. கேட்க நேரமும் இல்லை. ஒருத்திக்காக இன்னொருத்தி வாய் திறப்பது எங்களுக்கு உதவி. அதில் தப்பும் இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுவதே இல்லை.

போட்டியின் செயலாளர் அம்பிகைபாகன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, ஓய்வுபெற்று, இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய வீடு பஸ் போகும் பாதையில். ஒவ்வொரு வருஷமும் மூக்கையாதான் அவரிடம் அக்காவின் பேரைக் கொடுப்பார். இந்த வருஷம் மூக்கையா ஒரு வேலை செய்தார். அக்கா பேரை ஆடுவதற்குக் கொடுக்காமல், பொன்னாடை போர்த்தி வழியனுப்புவதற்குக் கொடுத்தார். அது றிஸ்வி நானாவின் காதுக்கு வந்தது. மறுநாள் அவர் பஸ்ஸை அதே வாசலில் நிறுத்தி, ஆடுவதற்கும் பேர் கொடுத்துவிட்டார்.

நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தபோது, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு "சாம்பியன் பாப்பம்மா அவர்களுக்குப் பிரியாவிடைக் கௌரவம்". அதற்கு அடுத்த வரியில் "பெண்கள் ஆட்டம்: பாப்பம்மா எதிர் சகீனா".

மூக்கையா பஸ்ஸிலிருந்து இறங்கி மாஸ்டரின் வாசற் படலையைத் தட்டினார்.

"என்ன மாஸ்டர் இது, வழியனுப்பிட்டு வெளையாட விடுறீங்க?"

"இரண்டு பேர் வந்து தந்தவை. ஒராள் கௌரவிக்க, ஒராள் விளையாட. ஒண்டை ஒண்டு மறிக்கேல்லை. நான் என்ன செய்யிறது?"

"அக்காவக் கேட்டிருக்கலாம்ல?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் கேட்டனீங்களோ?"

5

இந்த இடம் வரை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன். பாப்பம்மா பற்றிய கதையில் பாப்பம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸைப் போலத்தான் நானும். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய லயத்து வரிசை வீட்டுக்குப் போனேன்.

வாசலில் உட்கார்ந்து கன்வஸ் சப்பாத்தைக் கழுவிச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தாள்.

"வாடி. பஸ்ஸுல என்னப் பத்தித்தான் பேச்சாமே."

"ஆமாக்கா. தெனமும்."

"நானும் அதே பஸ்ஸுலதான் வர்றேன். நான் ஏறுனா எல்லாரும் மழையப் பத்திப் பேசுறாங்க."

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாளா என்று கேட்டேன். பார்த்திருந்தாள்.

"மொதல்ல எனக்குப் பிரியாவிடை, அப்பறம் வெளையாட்டு. செத்தவ கருமாதிச் சோத்துக்கு எழும்பி உக்காந்த மாதிரி இருக்கு." சப்பாத்தை வெயிலில் வைத்தாள். "ரெண்டு பேருமே நல்ல பயலுக. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"என்ன சொல்லியிருப்பீங்க? நிறுத்தப் போறீங்களா?"

"முழங்கால் வலிக்குதுதான். கொழுந்து எடுக்கிறப்பயும் இதே முழங்கால்தான் வலிக்குது. அங்க ஒருத்தரும் நிறுத்துன்னு சொல்லக் காணோம்."

அவளே தொடர்ந்தாள். குரலில் கோபம் இல்லை.

"எனக்கு அது புடிச்சிருக்குடி. பந்து நடுவுல பட்டா கைக்குள்ள ஒரு சொகம். ஒருநா நிறுத்தத்தான் வேணும். அன்னைக்கு என் பேர நானே வெட்டணும். மத்தவங்க வாயால வேணாம். அவ்வளவுதான். டீ குடிக்கிறியா?"

(இங்கே நான் எழுதிய ஒரு பத்தி, பெண்ணும் உழைப்பும் பற்றி, நீளமானது, வெட்டப்பட்டது. அவள் சொன்னதற்குப் பிறகு அது நிற்கவில்லை.)

6

போட்டி நாள். மேட்டில் தோட்டத்துப் பெண்கள் குந்தியிருந்தார்கள். தூறல் போட்டுவிட்டு நின்றிருந்தது.

சகீனா குண்டசாலையிலிருந்து வந்தவள், பல்கலைக்கழகத்தில் படிப்பவள். வேலியோரம் என் பக்கத்தில் நின்று சப்பாத்து நாடாவை இறுக்கினாள். "தோத்தா கெம்பஸ்ல சிரிப்பாங்க. வென்டா இந்த மலையே எனக்கு ஏசும். எதுக்கு வந்தேன்னே வெளங்குதில்ல" என்றாள். பிறகு, "அவங்கட சர்வீஸ ஒருக்கா எதிர்ல நின்டு பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

மூக்கையா பொன்னாடையைப் போர்த்தினார். மைக்கைப் பிடித்தார். எழுதிவைத்திருந்ததை விட்டுவிட்டு, "அக்கா, இன்னைக்குத் தோத்தா இதோட நிறுத்திரு" என்று மட்டும் சொன்னார். மேடு முழுதும் கேட்டது.

பாப்பம்மா மைக்கை வாங்கினாள். "சரிடா. தோத்தா நிறுத்துறேன். நானே சொல்றேன். ஜெயிச்சா நீ அடுத்த சித்திரை வரைக்கும் டிக்கெட் மட்டும் கிழிக்கணும், வாயத் தொறக்கப்படாது."

பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் அவள் செய்ததை எந்த எழுத்தாளரும் கற்பனையில் செய்யவைக்க மாட்டார், வாசிப்பவர்கள் செயற்கை என்பார்கள். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தாள், நீளவாக்கில் மடித்தாள், இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஈரச்செடி பட்டு நனையாமலிருக்கக் கொழுந்துக்காரப் பெண்கள் கட்டும் படங்குச் சாக்கைப் போல. சரிகை முன்னால் தொங்கியது.

"அக்கா, அது பொன்னாடை" என்றார் மூக்கையா.

"தெரியுதுடா. இடுப்புக்கு நல்ல பிடிமானமா இருக்கு."

முதல் செட் பாப்பம்மாவுக்கு. இரண்டாவது சகீனாவுக்கு. மூன்றாவது செட்டில் சகீனா ஒரு புள்ளி எடுத்தால் முடிந்தது என்ற நிலையில் பனிமூட்டம் இறங்கியது. வலை மறைந்தது. பிறகு ஆட்களும் மறைந்தார்கள்.

உயரக் கதிரையில் நடுவராக இருந்த அம்பிகைபாகன் மாஸ்டரின் குரல் மட்டும் வந்தது. "எனக்குப் பந்து தெரியேல்லை. நிப்பாட்டுவம்."

"எனக்குத் தெரியுது மாஸ்டர்." இது பாப்பம்மா.

"எனக்கும் தெரியிது சேர்." இது சகீனா.

"அப்ப அவரவர் பக்கத்தை அவரவரே சொல்லுங்கோ. உள்ளையெண்டால் உள்ளை, வெளியையெண்டால் வெளியை."

மேடு முழுக்கக் காதாக இருந்தது. பந்து பட்டது. திரும்பப் பட்டது. இடையில் ஒரு காலடி லேசாக இழுத்து இழுத்து வைத்தது. மூக்கையா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலடியை எண்ணுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். "விழல" என்றார் தனக்குள். பிறகு மறுபடியும், "விழல."

சகீனா ஓங்கி அடித்த சத்தம். பந்து பாப்பம்மாவின் பின்கோட்டுப் பக்கம் போய் விழுந்தது கேட்டது. திருப்பி அடித்த சத்தம் வரவில்லை.

7

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று: பாப்பம்மா "வெளிய" என்கிறாள், அதன்பிறகு ஜெயிக்கிறாள், றிஸ்வி நானா ஹோர்ன் அடித்துக்கொண்டே மலையிறங்குகிறார். எழுதிப் பார்த்தேன். பஸ்ஸில் வாசித்தால் பாதிப்பேர் கைதட்டுவார்கள்.

இரண்டு: "உள்ள" என்கிறாள், ரக்கட்டைத் தம்பியிடம் கொடுக்கிறாள், மூக்கையா அழு—

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மூக்கையா அண்ணன் அழமாட்டார் என்பதற்காக அல்ல. அழுவார். ஆனால் அது அவளுடைய ஆட்டத்தை அவருடைய கதையாக்கிவிடும்.

மூன்றாவது, நடந்தது.

பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கக்கூடியவள் அந்த மலையில் ஒருத்திதான். உள்ளே என்றால் ஆட்டமும் அவளும் முடிந்தாயிற்று. வெளியே என்றால் இன்னும் இருக்கிறது. எது சொன்னாலும் மறுத்துப் பேச யாராலும் முடியாது.

"நானா," என்றார் மூக்கையா மெதுவாக, "அக்கா என்ன சொல்லும்?"

"பந்து எங்க விழுந்திச்சோ அதச் சொல்லும்," என்றார் றிஸ்வி நானா. அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் விவாதம் இல்லை. இரண்டு பேரும் ஒரே கல்லில் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

மூட்டத்துக்குள்ளிருந்து பாப்பம்மா ஒரு சொல் சொன்னாள். உரக்கவே சொன்னாள். நான் கேட்டேன். மேட்டிலிருந்த எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம் வந்தது. ஒன்று இளம் சிரிப்பு. மற்றது மூச்சு வாங்கிக்கொண்டு.

மறுநாள் அவளுடைய லயத்துக் கம்பிக்கொடியில் பொன்னாடை காய்ந்துகொண்டிருந்தது, சரிகையில் செம்மண்ணோடு. பஸ் அதைக் கடந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சொல்லை நான் எழுதப்போவதில்லை. தம்பி அவள் பேரைக் கொடுத்தார், டிரைவர் கொடுத்தார், பஸ் முழுக்க அவளுக்காகப் பேசியது, நானும் ஏழு பகுதிகளாகப் பேசிவிட்டேன். அந்த ஒரு சொல்லாவது அவள் வாயிலேயே இருக்கட்டும். உங்களுக்குக் கேட்டே ஆகவேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை கலஹா பஸ்ஸில் ஏறுங்கள். நடுவாசலுக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பாள். மழையைப் பற்றிப் பேசாமல் நேராகக் கேளுங்கள். சொல்வாள்.